தாழ்த்திய மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டாண்டைத் திருத்துவது எப்படி? டெல்டா மண்ணுக்கான முழுமையான வழிகாட்டி

மன்னார்குடி மதிலழகு என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. அந்த மதிலை ஒட்டித்தான் போன ஆடி மாதம் ஒரு பிற்பகலில் என் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்ச்சாரியில் டீ குடிக்கப் போனேன். தம்ளர் கைக்கு வருவதற்குள் பின்னால் தகரம் உருண்டதுபோல ஒரு சத்தம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வரிசையாக நின்ற மற்ற நான்கு வண்டிகளும் அசையவில்லை. என்னுடையது மட்டும் படுத்திருந்தது. அதுவும் ஸ்டாண்டு இருக்கும் இடப்பக்கம் அல்ல, வலப்பக்கமாக. பிரேக் பெடல் வளைந்து, கண்ணாடி நொறுங்கி, ஹேண்டில்பார் முனை மண்ணைக் குத்தியிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன்புதான் சஸ்பென்ஷனைத் தாழ்த்தியிருந்தேன். கால் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்தன. வாய்க்கால் கரையில் தைரியமாக ஓட்டினேன். ஸ்டாண்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. வண்டியைத் தூக்க உதவிக்கு வந்தவர் அருகே பட்டறை வைத்திருப்பவர், டிராக்டர் கேஜ் வீலுக்கு வெல்டிங் வைத்தே கை தேர்ந்தவர். ஒரே பார்வையில் சொன்னார்: "தம்பி, உடம்பைக் குள்ளமாக்கிவிட்டு, காலை மட்டும் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டீர்களே."

அதன் பிறகு என் வண்டி, மைத்துனர் வண்டி, அக்கா மகளின் வண்டி என்று மூன்று ஸ்டாண்டுகளைத் திருத்தியாயிற்று. ஒன்றை அளவு தவறி அதிகமாக வெட்டி, வெட்டிய துண்டையே மறுபடி ஒட்டவும் செய்தோம். அந்த மூன்றிலும் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி ஏன் வலப்பக்கம் விழுகிறது?

சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி முக்காலி போன்றது. முன் டயர், பின் டயர், ஸ்டாண்டின் பாதம் ஆகிய மூன்று புள்ளிகளும் தரையில் ஒரு முக்கோணத்தை வரைகின்றன. வண்டியின் பாரம் அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை அது நிற்கும். பெரும்பாலான வண்டிகளை இடப்பக்கம் சுமார் 10 முதல் 15 டிகிரி சாயும்படி தயாரிக்கிறார்கள். அந்தச் சாய்வுதான் பாரத்தை ஸ்டாண்டின் பக்கம் தள்ளுகிறது.

சஸ்பென்ஷனைத் தாழ்த்தினால் ஸ்டாண்டின் அச்சாணி, அதாவது ஸ்டாண்டு மடங்கித் திரும்பும் ஆணி, தரையை நோக்கி இறங்குகிறது. ஸ்டாண்டின் நீளமோ மாறவில்லை. ஆகவே அது வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது. 12 டிகிரி சாய்ந்து நின்ற வண்டி 5 அல்லது 6 டிகிரிக்கு வந்துவிடும். பாரம் முக்கோணத்தின் வலது ஓரத்துக்கு, அதாவது இரண்டு டயர்களையும் இணைக்கும் கோட்டுக்கு மிக அருகில் போய்விடுகிறது. இந்த நிலையில் ஒரு காற்று போதும்; ஒட்டி உரசிப் போகும் பஸ்ஸின் வீச்சு போதும்; இருக்கையில் ஏற முயலும் ஒரு குழந்தை போதும்.

இதில் சாலையின் சரிவும் சேர்ந்துகொள்ளும். நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். போகும் திசையிலேயே இடது ஓரத்தில் நிறுத்தினால் சரிவு இடப்பக்கம் இருப்பதால் சாய்வு கூடும். வந்த திசைக்கு எதிராகத் திருப்பி அதே ஓரத்தில் நிறுத்தினால் சரிவு வலப்பக்கம் ஆகிவிடும். மீதமிருந்த சாய்வையும் தின்றுவிடும். மதிலோரம் நான் செய்தது இதைத்தான்.

மறுபக்கமும் ஆபத்துதான். ஸ்டாண்டை அளவுக்கு மீறிக் குட்டையாக்கினால் வண்டி இடப்பக்கம் அதிகம் சாய்ந்து, ஸ்டாண்டின் மேல் பாரம் கூடும். நிமிர்த்த இடுப்பு வலிக்கும். ஈரமண்ணில் பாதம் புதைந்தால் இடப்பக்கமே சரிந்துவிடும்.

தாழ்த்துவதற்கு முன் ஒரு கேள்வி

உங்களுக்கு உண்மையில் எவ்வளவு உயரம் குறைய வேண்டும்? ஸ்பிளெண்டரின் இருக்கை உயரம் 785 மில்லிமீட்டர். பழைய 411 சிசி ஹிமாலயனுக்கு 800. எக்ஸ்பல்ஸ் 200 போன்ற வண்டிகளில் அது 825ஐ ஒட்டி வரும். ஸ்பிளெண்டரில் பழகியவர் எக்ஸ்பல்ஸுக்கு மாறினால் 4 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அதில் பாதியை இருக்கையின் நுரைப் பஞ்சைச் சீவியே எடுத்துவிடலாம். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் எங்கு போனாலும் சீட் கவர் தைப்பவர்கள் இதைச் செய்துகொடுப்பார்கள். பஞ்சைச் சீவினால் ஸ்டாண்டைத் தொடவே வேண்டாம். 2 சென்டிமீட்டர் போதும் என்பவர்களுக்கு என் யோசனை அதுதான். என் உயரம் 5 அடி 3 அங்குலம்; எனக்கு அது போதவில்லை.

இன்னொன்று. எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் போன்றவற்றின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. 3 சென்டிமீட்டர் இறக்கினாலும் டெல்டாச் சாலைகளுக்கும் ஊர்தோறும் இருக்கும் வேகத்தடைகளுக்கும் அது தாராளம். 165 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள சாதாரண வண்டியை இறக்கினால் மதகு ஏறி இறங்கும்போதெல்லாம் எஞ்சினின் அடி உரசும். அதைச் செய்யாதீர்கள்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

முதல் வேலை: பழைய அளவைக் குறித்துவைப்பது

இதைத் தாழ்த்துவதற்கு முன்பே செய்ய வேண்டும். நான் செய்யாமல் விட்டதால் அதே ரக வண்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேடி நீடாமங்கலம் வரை போக நேர்ந்தது.

வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். களம் என்றால் மழைத்தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்த பிறகு நம்புங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும்.

முதலில் சைடு ஸ்டாண்டில் நிறுத்திச் சாய்வை அளக்க வேண்டும். செல்போனில் கோணம் காட்டும் வசதி இருந்தால் போனைப் பின் சக்கரத்து டிஸ்க்கின் மேல் தட்டையாக ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். முன் சக்கரத்தில் பிடிக்க வேண்டாம். ஹேண்டில் திரும்பியிருந்தால் அளவு பொய் சொல்லும். போன் இல்லாவிட்டாலும் குறையில்லை. நம்பர் பிளேட்டின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது பின் டயரின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று குறித்துக்கொண்டால் அதுவே சாய்வின் அளவு.

பிறகு ஒருவர் வண்டியை நேராக நிமிர்த்திப் பிடிக்க, ஸ்டாண்டை முழுவதும் விரித்துவிடுங்கள். பாதம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பாதத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். டயரின் நடுக்கோட்டிலிருந்து பாதம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு, பாதம் 30 சென்டிமீட்டர் தள்ளியும் 6.4 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால், வண்டி 12 டிகிரி சாயும்போதுதான் பாதம் தரையைத் தொடும். அதே வண்டியில் அந்த இடைவெளி 3 சென்டிமீட்டராகக் குறைந்தால் சாய்வு 6 டிகிரிக்கும் கீழே போய்விடும். சஸ்பென்ஷனை எவ்வளவு இறக்கினீர்கள் என்பது இரண்டாம்பட்சம். இந்த இடைவெளிதான் வண்டியின் ஜாதகம்.

தாழ்த்தும் வேலை பற்றிச் சுருக்கமாக

பின்பக்கம் ஒற்றை ஷாக் அப்சார்பரும் இணைப்புத் தகடுகளும் உள்ள வண்டிகளில் நீளமான இணைப்புத் தகடுகளைப் போட்டு இறக்குவார்கள். இரட்டை ஷாக் உள்ளவற்றில் குட்டையான ஷாக் போடுவார்கள். முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைக் கவ்விகளுக்குள் மேலே தள்ளி இறுக்குவார்கள். பின்னால் எவ்வளவோ, முன்னாலும் ஏறக்குறைய அவ்வளவு இறக்குவது நல்லது. பின்னால் மட்டும் இறக்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொள்ளும், திருப்பத்தில் சோம்பும். வேலை முடிந்ததும் செயின் தளர்வு, முகப்பு விளக்கின் சாய்வு, பிரேக் ஒயர்களின் இழுப்பு, முன் டயர் மட்கார்டில் இடிக்கிறதா என்பது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வெட்டுவது?

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். "3 சென்டிமீட்டர் இறக்கினேன், 3 சென்டிமீட்டர் வெட்டினேன்" என்ற கணக்கு இரண்டு பக்கமும் சமமாக இறக்கிய வண்டிக்கு ஓரளவு பொருந்தும். பின்னால் மட்டும் இறக்கிய வண்டிக்குப் பொருந்தாது. ஸ்டாண்டின் அச்சாணி பின் அச்சில் இல்லை; இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையே 1,400 மில்லிமீட்டர், அச்சாணி பின் அச்சிலிருந்து 560 மில்லிமீட்டர் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு மேல் 30 மில்லிமீட்டர் இறங்கினால் அச்சாணி இருக்கும் இடத்தில் 18 மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். கயிற்றுக் கட்டிலின் ஒரு பக்கக் கால்களை மட்டும் அறுத்தால் நடுவில் பாதி இறங்குவதுபோலத்தான் இதுவும். மைத்துனர் வண்டியில் இந்தக் கணக்கைப் போடாமல் 30 மில்லிமீட்டர் வெட்டிவிட்டோம். வண்டி கோரைப்பாயில் ஒருக்களித்துப் படுத்தவர் மாதிரி சாய்ந்தது. மறுபடி ஒட்டியது அந்த ஸ்டாண்டைத்தான்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எனக்கு இதுதான் பிடிக்கும். தச்சுப் பட்டறையில் 12 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகள் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். தாழ்த்திய வண்டியின் முன் டயருக்கும் பின் டயருக்கும் அடியில் ஒரே உயரத்துக்குத் துண்டுகளை அடுக்குங்கள். ஸ்டாண்டின் பாதம் மட்டும் வெறும் தரையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டாகக் கூட்டிக்கொண்டே வந்து, பழைய சாய்வு எப்போது திரும்புகிறது என்று பாருங்கள். அப்போது டயருக்கு அடியில் இருக்கும் பலகையின் உயரம்தான் வெட்ட வேண்டிய நீளம். ஸ்டாண்டு கொஞ்சம் முன்பக்கமாகவும் சாய்ந்திருப்பதால் கடைசியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கூடுதலாகத் தேவைப்படலாம். இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். ஒருவர் வண்டியை விட்டுக் கையை எடுக்கவே கூடாது.

சோதனையை வெறும் வண்டியோடு நிறுத்திவிடாதீர்கள். பெட்ரோல் நிரப்பி, வழக்கமாக ஏற்றும் சுமையையும் ஏற்றிப் பாருங்கள். சுமை ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், வண்டி இன்னும் நிமிரும். சொசைட்டியிலிருந்து 45 கிலோ யூரியா மூட்டையைப் பின்னால் கட்டிவருபவருக்கும், தோளில் பை மட்டும் மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் என் அக்கா மகளுக்கும் ஒரே அளவு சரிப்படாது. சுமை ஏற்றுபவர்கள் 1 டிகிரி அதிகச் சாய்வோடு வைத்துக்கொள்வது உத்தமம்.

ஸ்டாண்டைக் கழற்றுவது

முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, நம்மூர்ப் பட்டறையில் வேலை நடக்கும். ஒட்டாவிட்டால் அலுமினியம், அதைச் சாதாரண வெல்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். அந்த வண்டிகளுக்கு நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஸ்டாண்டை வாங்கிப் போடுவதே சரி.

இரும்பு ஸ்டாண்டானாலும் வண்டியோடு வந்ததை வெட்டாமல், பழைய உதிரிபாகக் கடையில் அதே ரகத்தில் இன்னொன்றை வாங்கி வெட்டுங்கள். அசல் ஸ்டாண்டைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் போட்டுவையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அதன் அருமை தெரியும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். அது இல்லாத வண்டியைத் திண்ணைத் தூணோடு கயிற்றால் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றுவதில்தான் கை காயப்படும். இழுத்துப் பிடித்துக் கழற்றாமல், ஸ்டாண்டைப் பாதி தூரம் மடக்கி ஸ்பிரிங் மிக நீளமாக விரிந்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதன் சுருள்களுக்கு இடையே 1 ரூபாய் நாணயங்களையோ வாஷர்களையோ ஒவ்வொன்றாகச் செருகுங்கள். பிறகு ஸ்டாண்டை மடக்கினால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் தளர்ந்து நிற்கும், கையாலேயே கழற்றிவிடலாம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நாணயம் தெறித்தால் உண்டிவில்லிலிருந்து வந்ததுபோல வரும்.

பல புதிய வண்டிகளில் ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை அணைத்துவிடும் சுவிட்ச் அச்சாணியிலேயே இருக்கும். அதன் ஒயரை இழுக்காமல் திருகை மட்டும் கழற்றி ஓரமாகக் கட்டிவையுங்கள். அந்தச் சுவிட்சை நிரந்தரமாகத் துண்டித்துவிடலாம் என்று பட்டறையில் யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். ஸ்டாண்டை மடக்க மறந்து இடப்பக்கம் திரும்பி விழுந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

வெட்டும் இடம் ஸ்டாண்டின் நேரான நடுப்பகுதியாக இருக்க வேண்டும். அச்சாணிக் கண், ஸ்பிரிங் கொக்கி, பாதம் மூன்றிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். கொக்கிக்கு மேலே வெட்டினால் ஸ்பிரிங்கின் இழுப்பு மாறிவிடும். ஓடும்போது ஸ்டாண்டு தானாக இறங்கக்கூடும்.

வெட்டுமுன், வெட்டப்போகும் இடத்தைக் கடந்து மேலிருந்து கீழாக அரத்தால் ஒரு நேர்க்கோடு கீறிவிடுங்கள். ஒட்டும்போது மேல் துண்டிலும் கீழ்த் துண்டிலும் அந்தக் கோடு ஒன்றோடொன்று சேர்ந்தால் பாதம் முறுக்கிக்கொள்ளவில்லை என்று பொருள். இது ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கண்திட்டத்தில் ஒட்டினால் மடக்கிய ஸ்டாண்டு எங்கேயாவது இடிக்கும்.

கணக்கில் வந்த அளவைவிட 5 மில்லிமீட்டர் குறைவாகவே முதலில் வெட்டுங்கள். மறுபடி வெட்டுவது எளிது.

ஸ்டாண்டு குழாயாக இருந்தால் உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் ஓர் இரும்புத் தண்டை இரண்டு பக்கமும் 3 சென்டிமீட்டராவது நுழையும்படி வைக்கச் சொல்லுங்கள். குழாயின் பக்கவாட்டில் துளை போட்டு, அந்தத் துளை வழியாகவும் தண்டோடு சேர்த்து வெல்டிங் வைத்தால் பலம் கூடும். குழாயாக இல்லாமல் கெட்டிக் கம்பியாக இருந்தால் இரண்டு முனைகளையும் சுற்றிலும் சரித்து ராவ வேண்டும். அப்போதுதான் வெல்டிங் உள்ளே வரை இறங்கும். முனைகளைச் சரிக்காமல் மேலோட்டமாகப் பூசிய வெல்டிங் பார்க்க அழகாக இருக்கும். ஒருநாள் அப்படியே கழன்றுவிடும். மேலே உள்ள பெயிண்ட், முலாம் எல்லாவற்றையும் வெல்டிங்குக்கு முன் ராவி எடுத்துவிட வேண்டும். துத்தநாக முலாம் எரியும் புகை நுரையீரலுக்குக் கெடுதல்.

சாதாரண இரும்புக்கு 6013 எண்ணுள்ள வெல்டிங் ராடு போதும். அடித்து உருவாக்கிய கெட்டி ஸ்டாண்டுக்கு 7018 நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பட்டறை மூலையில் திறந்து கிடந்த ராடு ஈரத்தைக் குடித்திருக்கும். அதில் வைத்த வெல்டிங்கில் குமிழிகள் வரும். காயவைத்த ராடு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். "விவரம் தெரிந்தவர்" என்று ஒரு மரியாதைகூடக் கிடைக்கும்.

முதலில் மூன்று இடத்தில் பொட்டுப் பொட்டாக மட்டும் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அப்படியே கொண்டுபோய் வண்டியில் மாட்டி, சாய்வைப் பாருங்கள். பாதம் தரையில் முழுவதும் படிகிறதா, ஒரு விளிம்பில் மட்டும் நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். சரியாக இருந்தால் கழற்றிக்கொண்டு வந்து முழு வெல்டிங். வண்டியில் மாட்டியபடியே வெல்டிங் வைக்க அனுமதிக்காதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் டாங்கை எடுத்துவிட்டு, வெல்டிங் மெஷினின் எர்த் கவ்வியை ஸ்டாண்டிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

சிவந்திருக்கும் ஸ்டாண்டை வாளித் தண்ணீரில் முக்குவது பல பட்டறைகளில் கை போன போக்கில் நடக்கும். தடுத்துவிடுங்கள். திடீரென்று குளிர்ந்த இரும்பு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். தானாக ஆறட்டும்; அதற்குள் இன்னொரு டீ குடிக்கலாம்.

பாதம்: டெல்டாக்காரர்களுக்கு இதுதான் முக்கியம்

மலையிலும் மேட்டிலும் இருப்பவர்களுக்கு ஸ்டாண்டின் நீளத்தோடு வேலை முடிந்துவிடும். நமக்கு முடியாது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலும் களிமண்ணும்தான் நம் தரை. வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வெண்ணாற்றில் வந்தது முதல் தை அறுவடை வரை நம் கரைகளும் களத்து ஓரங்களும் ஏதோ ஒரு ஈரத்தில்தான் இருக்கின்றன. சாய்வை மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்துவிட்டு, பாதம் 3 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போனால் என்ன பயன்?

ஸ்டாண்டின் மேல் 45 கிலோ பாரம் வருவதாக வைத்துக்கொள்வோம். 4 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் உள்ள அசல் பாதத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 3.75 கிலோ அழுத்தம். அதையே 7க்கு 6 ஆக்கினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். களிமண்ணில் இந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும்.

பாதத்தை அகலமாக்க 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு போதும். விளிம்புகளைச் சற்று மேல்நோக்கி வளைத்து, மூலைகளை உருட்டிவிடுங்கள். கூரான மூலை காலைக் கிழிக்கும், சேற்றையும் அள்ளும். ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள்: பாதத்துக்கு அடியில் 5 மில்லிமீட்டர் தகட்டை ஒட்டினால் ஸ்டாண்டின் நீளம் அவ்வளவு கூடிவிடுகிறது. அதையும் சேர்த்து வெட்ட வேண்டும். பொட்டு வைத்துச் சோதிக்கும்போதே தகடும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

அகலமாக்குகிறேன் என்று தோசைக்கல் அளவுக்குப் போய்விடவும் கூடாது. மடக்கிய நிலையில் அது செயினையோ கியர் லீவரையோ தொடக் கூடாது. தாழ்ந்த வண்டி இடப்பக்கம் படுத்துத் திரும்பும்போது மடக்கிய ஸ்டாண்டும் முன்னைவிடத் தரைக்கு அருகில் இருக்கிறது. அகலப் பாதம் முதலில் உரசும்.

அகலப் பாதமும் கைகொடுக்காத இடங்கள் உண்டு. நடவுக்குச் சேறடித்த வயலோரம், வேளாங்கண்ணிக் கடற்கரை மணல், சித்திரை வெயிலில் இளகிய தார். இதற்காக ஒரு தட்டை ஓட்டுத் துண்டைத் துளையிட்டுக் கயிறு கட்டி வண்டியில் வைத்திருக்கிறேன். போட்டுவிட்டுக் கயிற்றை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டால் கிளம்பும்போது குனியாமல் எடுத்துக்கொள்ளலாம். கோடையில் தரிசு கிடக்கும் களிமண் வயல் வேறு ரகம்: மேலே கல்லாக இருக்கும், ஆனால் வெடிப்புகளில் பாதம் முழுவதும் இறங்கிவிடும். அங்கே ஓட்டுத் துண்டு கட்டாயம்.

மாட்டுவதும் சோதிப்பதும்

வெல்டிங் ஆறியதும் ராவி, ரெட் ஆக்சைடு ஒரு கை, பெயிண்ட் இரண்டு கை. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் பெயிண்டில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். உப்புக்காற்று ஒரே வருடத்தில் வெல்டிங்கைச் சுற்றித் தின்றுவிடும். அச்சாணிக்குப் புதிய கிரீஸ் வைத்து, ஆணியை இறுக்கி, ஸ்டாண்டு தடையில்லாமல் ஆனால் ஆட்டமில்லாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கை மாட்டி நாணயங்களை எடுங்கள். சுவிட்சைப் பூட்டி, ஸ்டாண்டை இறக்கிய நிலையில் கியர் போட்டால் எஞ்சின் அணைகிறதா என்று மறக்காமல் சோதியுங்கள்.

அடுத்து, சமதரையில் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பி நிறுத்தி, இருக்கையின் பின்முனையை வலப்பக்கமாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். வண்டி எதிர்த்துத் திரும்பி வந்து உட்கார வேண்டும். விரலால் தள்ளும்போதே ஸ்டாண்டின் பாதம் தரையை விட்டு எழுந்தால் இன்னும் சில மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். சரிவான கரையில் நிறுத்தும்போது மூக்கு மேட்டைப் பார்த்திருக்கட்டும், முதல் கியரில் இருக்கட்டும். மூக்கு பள்ளத்தைப் பார்த்தால் வண்டி முன்னே உருண்டு ஸ்டாண்டைத் தானே மடக்கிவிடும்.

சென்டர் ஸ்டாண்டு என்ன ஆகும்?

தாழ்த்திய வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவது, மூட்டையைக் கூடுதலாக ஒரு படி ஏற்றுவது மாதிரி. வண்டி இறங்கிய அளவுக்கு அதிகமாகத் தூக்க வேண்டியிருக்கும். அதையும் வெட்டலாம், ஆனால் இரண்டு கால்களும் ஒரே அளவில் வர வேண்டும், பாதங்களின் வளைவும் மாறக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வண்டி நொண்டும். பஞ்சர் ஒட்டவும் செயின் துடைக்கவும் மட்டும் அதைப் பயன்படுத்துபவர் வெட்டவே வேண்டாம். வண்டி எவ்வளவு இறங்கியதோ அந்தத் தடிமனில் ஒரு பலகையைத் தரையில் போட்டு, பின் டயரை அதன் மேல் ஏற்றிவிட்டு, பிறகு சென்டர் ஸ்டாண்டை மிதித்தால் பழைய சுலபத்தோடு ஏறும். முன்பு சோதனைக்கு வாங்கிய பிளைவுட் துண்டுகளை நான் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஒரு மாதம் கழித்து

புதிய வெல்டிங்கில் விரிசல் விழுந்தால் முதல் மாதத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். வெறும் கண்ணுக்கு மயிரிழை விரிசல் தெரியாது. பட்டறைக்காரர் சொல்லிக்கொடுத்த முறை இது: வெல்டிங் மேல் உள்ள பெயிண்டைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு நன்றாகத் துடைத்துவிடுங்கள். அதன் மேல் சாக்பீஸ் தூளையோ காய்ந்த சுண்ணாம்பையோ பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் ஊறி வந்து வெள்ளைப் பூச்சில் ஒரு கறுத்த கோடாக நிற்கும். கோடு வராவிட்டால் மறுபடி பெயிண்ட் அடித்துவிடலாம். வந்தால் அன்றைக்கே ஸ்டாண்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அது திரும்பி வரும்வரை பரணில் இருக்கும் பழைய ஸ்டாண்டை மாட்டி, நிறுத்தும்போதெல்லாம் இரண்டு டயருக்கும் அடியில் பலகை போடுங்கள்.